கணப்பு அடுப்புக்கு விறகு: வெட்டிய தேதியை விடுங்கள், பிளந்த தேதியைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: வீட்டில் புகைபோக்கி வைத்த இரும்புக் கணப்பு அடுப்பு ஒன்று இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர், "மூன்று வருடத்துக்கு முன்னால் வெட்டிப்போட்ட மரம், காய்ந்துதான் இருக்கும், எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கொடுத்திருக்கிறார். அறுத்துப் போட்டால் தீ சரியாகப் பிடிக்கவில்லை. கதவுக் கண்ணாடி ஒரே நாளில் கறுத்துவிடுகிறது, அறையும் சூடாகவில்லை. கோளாறு அடுப்பிலா, மரத்திலா? இனிமேல் விறகை எப்படிச் சேர்ப்பது, எங்கே வைப்பது, எவ்வளவு காலம் காயவைப்பது?

அடுப்பில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. கொடுத்தவரும் பொய் சொல்லவில்லை. அந்த மரம் மூன்று வருடமும் பட்டையோடு, முழு உருட்டாகத் தரையில் கிடந்திருக்கிறது. அப்படிக் கிடந்தால் எத்தனை வருடம் ஆனாலும் நடுவில் ஈரம் நிற்கும். துண்டாக அறுத்து, பிளந்து, காற்றுப் படும்படி அடுக்கிய அன்றிலிருந்துதான் விறகு காய ஆரம்பிக்கிறது. அதனால் யாராவது விறகு கொடுத்தால் எப்போது வெட்டியது என்று கேட்காதீர்கள். எப்போது பிளந்தது என்று கேளுங்கள்.

மரத்தின் உடம்பில் வேரிலிருந்து உச்சிவரை மெல்லிய குழல்கள் நெடுக ஓடுகின்றன. உயிரோடு இருந்தபோது தண்ணீர் ஏறிய வழி அது. வெட்டிய பிறகும் ஈரம் அந்த வழியாகத்தான் சுலபமாக வெளியேறுகிறது. நாரோட்டத்தின் நெடுக்கில் ஈரம் நகரும் வேகம், குறுக்கே நகரும் வேகத்தைப்போல் பத்துப் பதினைந்து மடங்கு. பட்டையோ தண்ணீரை உள்ளேயே தக்கவைப்பதற்காக இருப்பது. ஆக 3 மீட்டர் நீள உருட்டில் ஈரம் வெளியேற இரண்டு முனைகள்தான் உண்டு. அதையே 30 சென்டிமீட்டர் துண்டுகளாக அறுத்தால் இருபது முனைகள் கிடைக்கின்றன. ஒவ்வொன்றையும் நான்காகப் பிளந்தால் பட்டையில்லாத பக்கங்களும் காற்றுக்குத் திறந்துவிடும். பிர்ச் மரத்தின் பட்டை கிட்டத்தட்ட தண்ணீர் புகாத காகிதம். அதைப் பிளக்காமல் போட்டுவைத்தால் வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே மக்கிப்போய்விடும்.

பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். இது மரத்துக்கு மரம் மாறும். ஆஷ் மரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும், பாப்ளர், வில்லோ போன்றவற்றில் பாதியையும் தாண்டும். பாதி என்றே வைத்துக்கொள்வோம். 10 கிலோ பச்சை விறகை அடுப்பில் போட்டால் அதில் 5 கிலோ தண்ணீர். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2.26 மெகாஜூல் வெப்பம் வேண்டும். அதைக் கொதிநிலைக்குச் சூடாக்கும் செலவையும் சேர்த்தால் 5 கிலோவுக்குச் சுமார் 13 மெகாஜூல். மீதி 5 கிலோ மரத்தில் இருக்கும் சக்தி சுமார் 90 மெகாஜூல். அதாவது தண்ணீரை விரட்டுவதற்கு ஏழில் ஒரு பங்குதான் செலவாகிறது.

அப்படியென்றால் இவ்வளவுதானே நஷ்டம், பரவாயில்லையே என்று தோன்றும். இங்கேதான் பலரும் கணக்கில் தவறுகிறார்கள். பெரிய நஷ்டம் ஆவியில் போவதில்லை, புகையில் போகிறது. மரம் நேராக எரிவதில்லை. 200, 300 டிகிரி சூட்டில் அது வாயுக்களாகப் பிரிகிறது. நாம் பார்க்கும் சுடர் அந்த வாயுக்கள் எரிவதுதான். விறகின் வெப்பத்தில் பாதிக்கு மேல் அவற்றில்தான் இருக்கிறது, கடைசியில் மிஞ்சும் கரி கங்காக எரிவது மீதி. அந்த வாயுக்கள் முழுக்க எரிய அடுப்புக்குள் சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். ஈர விறகு அடுப்பை அந்தச் சூட்டுக்கு வரவிடாது. ஒவ்வொரு துண்டும் முதலில் தன் தண்ணீரைக் கொதிக்கவைத்துக்கொண்டு கிடக்கும். அதற்குள் பிரிந்த வாயுக்கள் எரியாமலே புகையாகப் புகைபோக்கியில் ஏறிப்போகும். குளிர்ந்த கண்ணாடியில் அந்தப் புகை படிந்தால் கறுப்பு. குளிர்ந்த புகைபோக்கிச் சுவரில் படிந்தால் கிரியோசோட் என்கிற தார். முதலில் உலர்ந்த கரித்தூளாக இருப்பது, நாளாக ஆகக் கெட்டியாகிக் கண்ணாடிபோல் இறுகி ஒட்டிக்கொள்ளும். அது ஒரு நாள் தீப்பிடித்தால் புகைபோக்கிக்குள் 1000 டிகிரிக்கு மேல் போகும். வீடுகள் எரிவது அப்படித்தான்.

ஒரு ஈரத்துண்டை அடுப்பில் போட்டுக் கண்ணாடி வழியாக அதன் அறுத்த முனையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். முதலில் முனை கறுத்து நனையும். அப்புறம் வளையங்களின் ஓரமாகச் சின்னச் சின்னக் குமிழிகள் நுரைத்து, உஸ்ஸென்று சத்தம் வரும். நுரை ஒழுகி இரும்புத் தட்டில் விழுந்து சுருங்கும். பக்கத்தில் காய்ந்த துண்டு ஒன்று எரிந்து முடிந்து கங்காகும்வரை இது நுரைத்துக்கொண்டே இருக்கும். இதைப் பார்த்துவிட்டால் ஈரம் அளக்கும் மீட்டரே வேண்டாம்.

சரி, எவ்வளவு காய்ந்தால் போதும்? பொதுவாகச் சொல்லும் எல்லை 20 சதவீதம். இங்கிலாந்தில் 2021 மே முதல் சிறு அளவில் விற்கும் விறகு 20 சதவீத ஈரத்துக்குள் இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டார்கள். இந்தச் சதவீதத்தில் ஒரு குழப்பம் உண்டு. விறகு விற்பவர்களும் அடுப்புத் தயாரிப்பாளர்களும் பெரும்பாலும் மொத்த எடையில் தண்ணீர் எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். கையில் பிடிக்கும் ஈரமானிகளில் பெரும்பாலானவை தச்சுவேலைக்காக வந்தவை. அவை உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டுச் சொல்கின்றன. பாதி தண்ணீராக இருக்கும் விறகு முதல் கணக்கில் 50 சதவீதம், இரண்டாவது கணக்கில் 100 சதவீதம். 20 பக்கத்தில் வரும்போது வித்தியாசம் சுருங்கிவிடும். முதல் கணக்கின் 20, இரண்டாவது கணக்கில் 25. அதனால் உங்கள் மீட்டர் 20க்குக் கீழே காட்டினால் இரண்டு கணக்கிலும் நீங்கள் தேறிவிட்டீர்கள்.

மீட்டரை எங்கே குத்துகிறோம் என்பதுதான் முக்கியம். அறுத்த முனையில் குத்தினால் 15 காட்டும், அதே துண்டின் நடுவில் 30 இருக்கும். எனவே அடுக்கிவைத்த விறகு அட்டியின் நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்து, அப்போதே பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தின் நடுவில், இரண்டு ஊசிகளும் நாரோட்டத்தோடு போகும்படி குத்த வேண்டும். முள் நன்றாக இறங்கட்டும். உறைந்துபோன மரத்தில் மீட்டரை நம்பவேண்டாம், குறைத்துக் காட்டும். மீட்டர் இல்லாதவர்கள் பிளந்த முகத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கலாம். ஈரம் இருந்தால் சில்லென்று தெரியும், உள்ளங்கையைவிடக் கன்னத்துக்கு அது நன்றாகப் புரியும். இரண்டு துண்டுகளைத் தட்டினால் காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது 'தொப்' என்று அடங்கும். முனையில் வெடிப்பு விட்டிருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். முனை முதலில் காய்ந்து சுருங்குவதால் வருவது அது, உள்ளே என்ன நிலவரம் என்று சொல்லாது.

எனக்குப் பிடித்த வழி தராசு. அடுக்கும்போது நான்கைந்து துண்டுகளை எடைபோட்டு, எடையையும் தேதியையும் அதன் மேலேயே மெழுகுக் கட்டியால் எழுதி, அட்டியில் எடுக்கத் தோதான இடத்தில் செருகிவிடுங்கள். மாதம் ஒரு தடவை எடுத்து நிறுத்துப் பாருங்கள். 2 கிலோ 400 கிராமாகப் போன துண்டு மெல்ல மெல்ல 1 கிலோ 500க்கு இறங்கும். விறகு நன்றாகக் காயும் காலத்திலேயே இரண்டு தடவை எடை மாறாமல் நின்றால் அந்த இடத்தில் அதற்குமேல் காயாது. காற்றில் இருக்கும் ஈரப்பதத்துக்கும் மரத்துக்கும் ஒரு சமநிலை உண்டு. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதம் அளவில் இருந்தால் மரம் 12 சதவீதத்தில் நிற்கும், 80 அளவில் இருந்தால் 16ல் நிற்கும். எவ்வளவு காலம் வெளியில் வைத்தாலும் பூஜ்யத்துக்குப் போகாது, போகவும் வேண்டாம். சூளையில் போட்டு 10 சதவீதத்துக்கும் கீழே உலர்த்திய விறகை அடுப்பு நிறையத் திணித்தால் வாயுக்கள் ஒரேயடியாகக் கிளம்பி, உள்ளே வரும் காற்று போதாமல் அதுவும் புகையத்தான் செய்யும்.

இனி மரம் சேர்ப்பது. இலவசமாகக் கிடைக்கும் மரத்துக்கு முதல் விதி, அது யாருடையது என்று கேட்டுக்கொள்வது. காட்டில் விழுந்து கிடப்பதும் யாருக்கோ சொந்தம்தான். பல இடங்களில் விழுந்த மரத்தை எடுக்கவும் அனுமதி வேண்டும். அனுமதி இருந்தாலும் எல்லாவற்றையும் துடைத்து எடுக்காதீர்கள். மக்கிக்கொண்டிருக்கும் மரம் வண்டுகளுக்கும் காளான்களுக்கும் வீடு, உங்கள் அடுப்புக்கும் அதில் பெரிதாகச் சூடு கிடைக்காது. மக்குவது என்பதே மெதுவாக எரிவதுபோலத்தான், சக்தி ஏற்கெனவே போயிருக்கும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிற, தூக்கினால் எடையே இல்லாத கட்டையை விட்டுவிடுங்கள். நின்றபடி பட்டுப்போன மரம் ஆசைகாட்டும். அதன் மேல்கிளைகள் நன்றாகக் காய்ந்திருக்கும், அடிமரம் இன்னும் ஈரமாகவே இருக்கலாம். வெட்டும்போது மேலே மக்கிய கிளை முறிந்து தலையில் விழும் ஆபத்தும் அதில்தான் அதிகம். அந்த வேலையைத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள். தோட்டங்களிலும் தெரு ஓரங்களிலும் வெட்டிய மரத்தில் ஆணி, கம்பி, கொக்கி எல்லாம் புதைந்து கிடக்கும். அறுப்பதற்கு முன் வெட்டிய முனையில் நீலக்கறுப்புக் கறை தெரிகிறதா என்று பாருங்கள், உள்ளே இரும்பு இருப்பதற்கு அது அடையாளம்.

விறகைத் தொலைவிலிருந்து ஏற்றி வருவதும் நல்லதல்ல. பட்டைக்கு அடியில் புழுவாக இருக்கும் வண்டுகள் கூடவே பயணம் செய்கின்றன. 2002ல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட மரகதப் பச்சை நிற ஆஷ் துளைப்பான் வண்டு வட அமெரிக்காவில் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைச் சாகடித்தது. அது ஊர் ஊராகப் பரவியதில் விறகு ஏற்றிய வண்டிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

எந்த மரம் நல்லது என்பதில் வீண் விவாதம் நிறைய நடக்கிறது. எடைக்கு எடை பார்த்தால், காய்ந்த மரம் எல்லாமே ஏறக்குறைய ஒரே அளவு வெப்பம்தான் தரும், பிசின் உள்ளவை கொஞ்சம் கூடுதல். வித்தியாசம் அடர்த்தியில் இருக்கிறது. சவுக்கு, ஓக், கருவேலம் போன்ற கனத்த மரத்தில் ஒரு துண்டு நெடுநேரம் நின்று எரிந்து நல்ல கங்கு விடும். பைன், பாப்ளர் அதே அளவுத் துண்டில் சீக்கிரம் தீர்ந்துவிடும். இதனால்தான் கன அளவில் வாங்கினால் கனமான மரத்தைப் பாருங்கள், எடையில் வாங்கினால் காய்ந்த மரத்தைப் பாருங்கள். ஈர விறகை எடைபோட்டு வாங்குகிறவர் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறார். பைன் எரித்தால் புகைபோக்கி அடைக்கும் என்ற பயமும் தேவையற்றது. நன்றாகக் காய்ந்த பைன் சூடாக, சுத்தமாக எரியும். தார் கட்டுவது ஈரத்தால்.

அடுப்பில் போடக்கூடாதவை சில உண்டு. வர்ணம் பூசியது, மருந்தேற்றிய கட்டடப் பலகை, ஒட்டுப்பலகை எதுவும் வேண்டாம். பழைய மருந்தேற்றிய பலகைகளில் ஆர்சனிக் இருக்கும், எரித்தால் சாம்பலிலும் புகையிலும் அது வரும். கடலில் மிதந்து கரை ஒதுங்கிய கட்டையில் உப்பு ஏறியிருக்கும், அது இரும்பை அரிப்பதோடு நச்சுப் புகையும் தரும். அரளியின் புகையே விஷம், அதைத் தொடவே வேண்டாம். சரக்கு ஏற்றும் பேலட் தட்டுகளில் முத்திரையைப் பாருங்கள். 'ஹெச்.டி' என்றால் சூட்டில் பதப்படுத்தியது, சாயமோ எண்ணெய்க் கறையோ இல்லாவிட்டால் எரிக்கலாம். 'எம்.பி' என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயுவில் வைத்தது, விட்டுவிடுங்கள்.

அறுக்கும்போது துண்டின் நீளத்தை உங்கள் அடுப்பின் உட்பக்க அகலத்தைவிட ஐந்து சென்டிமீட்டராவது குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வீட்டு அடுப்புகளுக்கு 25 முதல் 33 சென்டிமீட்டர் சரியாக வரும். ஒரு குச்சியை அந்த நீளத்துக்கு வெட்டி வைத்துக்கொண்டு அதை வைத்தே அளந்து அறுத்தால் அட்டியும் ஒழுங்காக நிற்கும். சங்கிலி ரம்பத்தின் மூக்கு நுனி எதிலாவது இடித்தால் ரம்பம் சட்டென்று முகத்தை நோக்கித் துள்ளும். ஏணி மேல் நின்று அதை இயக்கவே கூடாது, ஆள் துணை இல்லாமலும் கூடாது. காலுக்கு அதற்கென்று உள்ள பாதுகாப்புக் கால்சட்டை, கண்ணுக்கும் காதுக்கும் மறைப்பு கட்டாயம்.

பெரும்பாலான மரங்களைப் பச்சையாக இருக்கும்போதே பிளப்பது சுலபம். தைல மரத்தைக் காயவிட்டுப் பிளந்து பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், முறுக்கிய நார் இறுகிக் கோடாலியைத் திருப்பி அனுப்பும். பிளப்பதற்குக் கூர்மையைவிட எடையும் ஆப்பு வடிவமும் முக்கியம். மூன்று, நான்கு கிலோ எடையுள்ள, கன்னம் உப்பிய பிளப்புக் கோடாலி போதும். முனையில் ஏற்கெனவே விட்டிருக்கும் வெடிப்பைத் தேடி அந்தக் கோட்டில் போடுங்கள். பெரிய உருட்டை நடுவில் போட்டால் கோடாலி சிக்கிக்கொள்ளும், ஓரத்திலிருந்து சீவலாக எடுத்துக்கொண்டு சுற்றி வாருங்கள். முடிச்சு உள்ள முனை கீழே இருக்கட்டும். அடியில் வைக்கும் முட்டுக்கட்டை முழங்கால் உயரம் இருந்தால் குறி தவறினாலும் கோடாலி கட்டையில் இறங்கும், முழங்காலில் இறங்காது. முட்டுக்கட்டை மேல் ஒரு பழைய டயரை வைத்து அதற்குள் உருட்டை நிறுத்திப் பிளந்தால் துண்டுகள் சிதறாது. ஒவ்வொரு அடிக்கும் குனிந்து பொறுக்குகிற முதுகுவலியும் மிச்சம். இரும்பு ஆப்பை அடிக்கச் சம்மட்டியை எடுங்கள், கோடாலியின் முதுகால் அடிக்காதீர்கள். கோடாலியின் கண் விரிந்து தலை கழன்றுவிடும், இரும்புச் சில்லும் தெறிக்கும்.

எவ்வளவு பருமனாகப் பிளப்பது? 8 முதல் 12 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரிவரும். மணிக்கட்டுப் பருமனுள்ள கிளைகளையும் ஒரு தடவை பிளந்துவிடுவது நல்லது, பட்டை முழுக்கச் சுற்றிய சின்ன உருட்டும் காயாமல் ஏமாற்றும். நேராகப் பிளக்கும் துண்டுகளில் சிலவற்றைக் கட்டைவிரல் பருமனில் சிராய்களாக்கித் தனியே வைத்துக்கொள்ளுங்கள். தீ மூட்டும்போது கனமான துண்டுகளை அடியிலும் சிராய்களை மேலேயும் வைத்து, மேலிருந்து பற்றவையுங்கள். தீ மெல்லக் கீழே இறங்கும், கீழிருந்து எழும் வாயுக்கள் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் சுடரைத் தாண்டித்தான் போக வேண்டும். முதல் பத்து நிமிடப் புகை இதனால் வெகுவாகக் குறைகிறது.

அடுக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது காற்றை முதலில் பாருங்கள், வெயிலை இரண்டாவதாகப் பாருங்கள். வெயில் ஈரத்தைக் கிளப்பும், காற்று வந்து கொண்டுபோகாவிட்டால் அது அங்கேயே நின்றுவிடும். நல்ல வெயிலடிக்கும் மூலையில் மூன்று பக்கமும் சுவர் வைத்த கொட்டகையில் விறகு பூஞ்சை பிடிப்பதும், நிழலில் நாலு பக்கமும் காற்று வீசும் இடத்தில் நன்றாகக் காய்வதும் அதனால்தான். தரையிலிருந்து 10, 15 சென்டிமீட்டராவது தூக்கி அடுக்க வேண்டும். செங்கல் மேல் இரண்டு கம்பு போட்டாலும் போதும், பழைய பேலட் இன்னும் வசதி. மண்ணில் பட்டுக்கொண்டிருக்கும் முதல் வரிசை ஒருபோதும் காயாது, கரையானுக்கும் அதுதான் ஏணி.

ஒற்றை வரிசையாக அடுக்கினால் சீக்கிரம் காயும். இடம் இல்லாமல் இரண்டு மூன்று வரிசை போட்டால் வரிசைகளுக்கு நடுவில் ஒரு சாண் விடுங்கள். சுவரோரம் அடுக்கினால் 10 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். இரண்டு ஓரங்களிலும் துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி வைத்தால் தூண்போல நின்று நடுவில் உள்ளதைத் தாங்கும். நெஞ்சு உயரத்துக்கு மேல் போகாதீர்கள். காயும்போது மரம் குறுக்கில் சுருங்கும், அட்டி அடங்கிச் சாயும். ஒரு பக்கம் அதிக வெயில் பட்டால் அந்தப் பக்கம் முதலில் சுருங்கி அங்கேயே சரியும், குழந்தைகள் விளையாடும் இடமென்றால் இதைக் கவனத்தில் வையுங்கள். பட்டை மேலே இருக்க வேண்டுமா கீழே இருக்க வேண்டுமா என்று சண்டை போடுகிறார்கள். மேலே மூடி இருந்தால் எப்படி வைத்தாலும் ஒன்றுதான். மூடியே இல்லையென்றால் கடைசி வரிசையை மட்டும் பட்டை மேலாக வையுங்கள்.

மூடுவதில்தான் அதிகம் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். தார்ப்பாயைப் போட்டுத் தரைவரை இழுத்துக் கட்டிவிட்டு, பத்திரமாக இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பார்கள். பகலில் உள்ளே ஆவி எழும், இரவில் தார்ப்பாயின் அடியில் துளிகளாக நின்று திரும்ப விறகிலேயே சொட்டும். சில வாரத்தில் வெள்ளைப் பூஞ்சையும் புளித்த வாடையும் வந்துவிடும். மேலே மட்டும் மூடுங்கள், பக்கங்கள் திறந்திருக்கட்டும். கொஞ்சம் சாய்வாக, இரண்டு பக்கமும் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கும் தகரம், அதன்மேல் பறக்காமல் கல், அவ்வளவுதான். பக்கவாட்டில் சாரல் அடிப்பதற்குக் கவலை வேண்டாம். காய்ந்த விறகின் மேல் விழுந்த மழை மேல்தோலோடு நின்று இரண்டொரு நாளில் காய்ந்துவிடும். மரத்தின் உள்ளே இருந்த பழைய தண்ணீர்தான் வெளியேற மாதக்கணக்கில் ஆகிறது. கண்ணாடித்தாள் போர்த்திய சூரியக் கூடாரம் வேலை செய்யும், அடியில் காற்று நுழையவும் மேலே வெளியேறவும் தாராளமான திறப்பு வைத்தால் மட்டும்.

காலம் எவ்வளவு என்றால், இப்படி அடுக்கிய ஊசியிலை மர விறகுக்கு நன்றாகக் காயும் காலம் ஒன்று, ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம். கனத்த அகலிலை மரங்களுக்கு ஒன்றிலிருந்து இரண்டு வருடம். ஓக் இரண்டு வருடத்துக்கு மேலும் கேட்கும். வெள்ளை ஓக் இனங்களில் தண்ணீர்க் குழல்களை மரமே சவ்வுபோல வளர்ந்து அடைத்துவிடுகிறது, மதுப் பீப்பாய்க்கு அது உகந்ததாக இருப்பதற்கும் உங்கள் பொறுமையைச் சோதிப்பதற்கும் ஒரே காரணம். முதல் சில மாதங்களில் எடை வேகமாக இறங்கும். அது குழல்களில் தேங்கியிருந்த தண்ணீர். ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே போனால் மீதி இருப்பது நார்ச்சுவர்களிலேயே ஒட்டிக்கொண்ட ஈரம், அது மெல்லத்தான் விடும். மரம் சுருங்கி வெடிப்பு விடுவதும் அந்தக் கட்டத்தில்தான். பாதி காய்ந்ததும் போதும் என்று நினைக்க வைப்பதும் இந்தக் கட்டம்தான்.

குளிர்காலத்தில் வெட்டினால் மரத்தில் தண்ணீர் குறைவு என்பார்கள். பல மரங்களில் அந்த வித்தியாசம் சொற்பம். குளிர்காலத்தில் வெட்டுவதன் உண்மையான லாபம், கோடை முழுவதும் காய்வதற்கு மிச்சமாக இருப்பது. இலை உள்ள காலத்தில் வெட்ட நேர்ந்தால் கிளைகளைக் கழிக்காமல் இரண்டு மூன்று வாரம் அப்படியே கிடக்கவிடுங்கள். இலைகள் வாடும்வரை தண்டிலிருந்து தண்ணீரை இழுத்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், செலவில்லாத உதவி.

எவ்வளவு சேர்த்துவைப்பது என்பதற்கு ஒரு கணக்கு. காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 4 யூனிட் வெப்பம். நல்ல அடுப்பு அதில் முக்கால் பங்கை அறைக்குத் தரும், அதாவது 3 யூனிட். 5 கிலோவாட் அடுப்பை ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் எரித்தால் 30 யூனிட், 10 கிலோ விறகு. அப்படி நூறு நாள் என்றால் ஒரு டன். கனத்த மரத்தில் அடுக்கிய ஒரு கன மீட்டர் காய்ந்த விறகு 450, 500 கிலோ இருக்கும், ஆக இரண்டேகால் கன மீட்டர் வேண்டும். பைன் என்றால் மூன்றுக்கு மேல். விலைக்கு வாங்கும்போது 'கன மீட்டர்' என்றால் அடுக்கியதா, கொட்டியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடுக்கியதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மரம், கொட்டிய குவியலில் பாதிக்கும் குறைவு, மீதியெல்லாம் காற்று. கார்டு என்ற அளவு 4 அடிக்கு 4 அடிக்கு 8 அடி, மொத்தம் 128 கன அடி, 3.6 கன மீட்டர். அதுவும் அடுக்கிய அளவுதான்.

இடம் இருந்தால் இரண்டு வருடத்துக்கான விறகை இரண்டு அட்டிகளாக வைத்து, பிளந்த மாதத்தைச் சாக்கட்டியால் எழுதி, பழையதிலிருந்து எடுங்கள். புதிதாகப் பிளந்ததைப் பழைய அட்டியின் மேலேயே போடும் சோம்பல் மட்டும் வேண்டாம், அப்புறம் எது காய்ந்தது எது பச்சை என்று யாராலும் பிரிக்க முடியாது. வீட்டுக்குள் சில நாளுக்கான விறகு மட்டும் இருக்கட்டும். அதற்கு மேல் கொண்டுவந்தால் கதகதப்பில் பட்டைக்குள் தூங்கும் பூச்சிகள் எழுந்து வெளியே வரும், பூஞ்சைத் தூளும் பறக்கும். அடுப்பை ஒட்டிக் காயவைக்கிறேன் என்று இரும்பின் பக்கத்தில் அடுக்கிவைப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். படத்துக்கு அழகு, ஆனால் ஆளில்லாத நேரத்தில் தீப்பிடிக்க அது போதும். அடுப்போடு வந்த கையேட்டில் எவ்வளவு தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறதோ அதற்கு மேலேயே தள்ளி வையுங்கள்.

இப்போது உங்களிடம் இருக்கும் மூன்று வருட மரத்துக்கு வருவோம். முதலில் சில உருட்டுகளை அறுத்து, பிளந்து, நடுவில் அளந்து பாருங்கள். பட்டை தானாகக் கழன்று, மரம் இன்னும் கெட்டியாக இருந்தால் நல்ல விறகுதான். மக்கியது தனியே போகட்டும். 25க்குள் காட்டினால் 5, 6 சென்டிமீட்டர் பருமனாகச் சின்னதாகப் பிளந்து ஒற்றை வரிசையில் காற்றில் வையுங்கள், நன்றாகக் காயும் காலம் என்றால் சில வாரத்தில் கைக்கு வந்துவிடும். 30க்கு மேல் இருந்தால் இந்தக் குளிருக்கு அதை மறந்துவிடுங்கள். இந்த வருடத்துக்குக் காய்ந்த விறகோ மரத்தூளை அழுத்திச் செய்த கட்டிகளோ வாங்கிக்கொள்வது நல்லது. காய்ந்ததோடு ஈரத்தைக் கலந்து போட்டுச் சமாளிக்கலாம் என்பவர்கள் உண்டு. நான் அதைச் சொல்லமாட்டேன், காய்ந்த துண்டின் வெப்பம் ஈரத் துண்டை உலர்த்துவதில் போய்விடும். இரவு முழுக்கக் கங்கு அணையாமல் இருக்கக் காற்றுவழியை அடைத்துப் புகையவிடுவதும் வேண்டாம், தார் அதிகம் சேர்வது அந்த நேரத்தில்தான். சரியான விறகும் போதுமான காற்றும் இருந்தால் மூட்டிய கால் மணி நேரத்துக்குப் பிறகு புகைபோக்கியின் மேலே புகை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிட வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. இவ்வளவு நாள் ஈர விறகை எரித்ததால் உங்கள் புகைபோக்கியில் தார் கட்டியிருப்பது கிட்டத்தட்ட நிச்சயம். காய்ந்த விறகைப் போட்டதும் அடுப்பு முன்னைவிட அதிகச் சூடாகும், பழைய தார் தீப்பிடிக்க அதுவே வாய்ப்பு. எனவே அடுத்த தடவை மூட்டுவதற்குள் ஆள் வைத்துப் புகைபோக்கியைச் சுத்தம் செய்துவிடுங்கள், இனிமேல் வருடத்துக்கு ஒரு தடவையாவது செய்யுங்கள். அடுப்பு இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லையென்றால் அதையும் அதே நாளில் மாட்டிவிடுங்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.